முகப்பரு மாத்திரையும் மூளைக்காய்ச்சலும்

திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதி, 11ஆம் நூற்றாண்டு ஆசுபத்திரியின் செலவுக் கணக்கு. 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலைக்கு 15 படுக்கை, ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். அவரவர்க்கு நெல் கூலி. இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளில் கடுக்காய் சேர்ந்த ஹரீதகி வகைகளோடு புராணகிருதமும் வருகிறது, அதாவது பழைய நெய். ஆயுர்வேதம் அதைச் சித்தப்பிரமைக்கும் வலிப்புக்கும் சொல்கிறது.

இவ்வளவு கணக்கிலும் எத்தனை பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள் என்பது மட்டும் இல்லை. நிவந்தக் கல்வெட்டில் அதைத் தேடுவது நியாயமில்லைதான். ஆனாலும் 'மூளைக்கு மருந்து' என்று யாராவது எதையாவது நீட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் வந்துவிடுகிறது. இப்போது நீட்டப்படுவது மினோசைக்ளின். முகப்பருவுக்கு எழுதிக்கொடுக்கிற பழைய ஆன்டிபயாடிக்.

திருமுக்கூடல், பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர். இதே பாலாற்றின் மேல்கையில், வேலூர்ப் பக்கம்தான் 1955-ல் இந்தியாவில் முதன்முதலாக மனிதர்களிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. பெயரில்தான் ஜப்பான், பெருகுவது நம் நெல் வயலில். நடவு முடிந்து தண்ணீர் கட்டியிருக்கும் வயலில் குனிந்து பார்த்தால், நீர்ப்பரப்பிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொசுப்புழுக்கள் நெளிவது தெரியும். வளர்ந்த க்யூலெக்ஸ் கொசு பன்றியிடமிருந்தும் கொக்கு, நாரையிடமிருந்தும் வைரஸை எடுத்துவந்து மனிதரைக் கடிக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மூளைவரை போய்விட்டால் நூற்றுக்கு முப்பது பேர் வரை சாகிறார்கள். பிழைத்தவர்களிலும் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கை கால் முடக்கமோ, வலிப்போ, பேச்சுத் தடுமாற்றமோ தங்கிவிடுகிறது.

போனதை மூளை தானே முளைக்க வைத்துக்கொள்ளுமா? 1965-ல் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் எலியின் ஹிப்போகேம்பஸில், அதாவது நினைவுக்கு முக்கியமான பகுதியில், பிறந்த பிறகும் புது நியூரான்கள் உண்டாவதைக் காட்டினார்கள். வெகுகாலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1998-ல் மனிதரிடமும் அடையாளம் கிடைத்தது. 2013-ல் ஸ்வீடன் குழுவொன்று நாளொன்றுக்குச் சுமார் 700 என்று கணக்கே சொன்னது. 2018-ல் இன்னொரு குழு, பெரியவர்களிடம் தேடினோம், காணோம் என்றது. அடுத்த ஆண்டு ஸ்பெயினிலிருந்து, ஏராளமாக இருக்கிறது என்று பதில் வந்தது. இறந்தவரின் மூளை பதப்படுத்தும் திரவத்தில் எத்தனை மணி நேரம் ஊறியது என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது என்றால், சண்டை சீக்கிரம் ஓயுமென்று எனக்குத் தோன்றவில்லை.

எலியில் அந்தச் சந்தேகம் இல்லை. அங்கேதான் மைக்ரோக்ளியா வருகிறது: மூளைக்குள்ளேயே குடியிருக்கிற நோயெதிர்ப்பு செல். 2003-ல் இரண்டு ஆய்வுகள் ஒரே திசையில் கை காட்டின. பாக்டீரியா நஞ்சால் எலி மூளையில் அழற்சியை மூட்டினால் மைக்ரோக்ளியா கிளர்ந்தெழுகிறது, புது நியூரான்கள் குறைகின்றன. மினோசைக்ளினோ, வலிக்குக் கொடுக்கும் இண்டோமெத்தசினோ கொடுத்து அழற்சியைத் தணித்தால் எண்ணிக்கை மீள்கிறது. ஹரியானாவில் மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாசு குழு இதை நம் நோய்க்கே பொருத்திப் பார்த்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் நியூரானை மட்டும் தாக்கவில்லை, நியூரானை ஈன வேண்டிய மூலச் செல்களுக்குள்ளும் புகுந்து அவை பெருகுவதைத் தடுக்கிறது என்று 2008-ல் காட்டினார்கள். 2011-ல், மினோசைக்ளின் கொடுத்த சுண்டெலிக் குட்டிகளில் அந்த மூலச் செல்கள் மறுபடி தழைப்பதாகக் கண்டார்கள்.

இந்த வழியின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மருந்து மலிவு, வாயால் விழுங்கலாம், மூளைக்குள் போகும், பக்கவிளைவுகள் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தவை. வைரஸைக் கொல்லும் மருந்தே இல்லாத ஒரு நோயில் இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

என் தயக்கம் வேறு இடத்தில். 'மைக்ரோக்ளியாவை அடக்கு' என்ற பேச்சு அந்தச் செல்லை ரவுடியாக மட்டுமே பார்க்கிறது. அமைதியான எலி மூளையில் அது என்ன செய்கிறது என்று 2010-ல் அமாண்டா சியெரா குழு பார்த்தது. புதிதாகப் பிறக்கும் செல்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே மடிகிறது. மைக்ரோக்ளியாவின் மெல்லிய கிளையொன்று நீண்டு, நுனியில் சின்னக் கிண்ணம்போல் குவிந்து, சுருங்கிய செல்லை அப்படியே உள்ளே வாங்கிச் செரித்துவிடுகிறது. இந்தத் துப்புரவுக்கு அழற்சி எதுவும் தேவைப்படவில்லை. அதற்கு முன்பே 2006-ல், இஸ்ரேலில் மிகால் ஷ்வார்ட்ஸ் குழு, தகுந்த சமிக்ஞை கிடைத்தால் மைக்ரோக்ளியாவே நியூரான் பிறப்பை ஊக்குவிக்கும் என்று காட்டியிருந்தது. நாற்றங்காலைக் களையெடுக்கிறவரும் அவரே, கோபம் வந்தால் மிதிக்கிறவரும் அவரே. அவரைத் தூங்கவைப்பது எந்த நாளில் லாபம், எந்த நாளில் நஷ்டம்? மாத்திரைக்கு அது தெரியாது.

மனிதர்களிடம் தெரிந்தது இன்னும் கசப்பு. தசை இயக்க நியூரான்கள் அழியும் ஏஎல்எஸ் நோயில் எலிகளுக்கு மினோசைக்ளின் நல்லது செய்தது. 412 நோயாளிகளுக்குச் சோதித்து 2007-ல் வெளியான முடிவில், மருந்து எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வேகமாக நலிந்தார்கள். லக்னோ கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மூளை அழற்சியோடு வந்த 281 பேரிடம் செய்த சோதனை 2016-ல் வெளிவந்தது. ஆசிரியர்களில் பாசுவும் ஒருவர். மூன்று மாதத்தில் இறந்தவர்கள் எண்ணிக்கையில் நம்பத்தக்க வேறுபாடு இல்லை. ஆசுபத்திரியில் முதல் நாளைத் தாண்டியவர்களிடம் மட்டும் நல்ல பக்கம் ஒரு சாய்வு. பிற்பாடு பிரித்துப் பார்க்கும்போது தெரிகிற சாய்வை நான் அரை மனதோடுதான் நம்புவேன். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மட்டுமின்றிப் பல காரணங்களால் வந்த மூளை அழற்சிகள் அங்கே ஒன்றாகக் கலந்திருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இவ்வகை மருந்து பல்லில் கறை ஏற்றும் என்பது தனிக் கணக்கு. இந்த நோய் அதிகம் பிடிப்பதோ பிள்ளைகளைத்தான். அவர்களுக்கு இன்று கையிலிருக்கும் உறுதியான காப்பு தடுப்பூசி.

ஆனாலும் லக்னோக்காரர்கள் திருமுக்கூடல் சுவர் விட்டதை எழுதினார்கள்: மருந்து பெற்றவர் என்ன ஆனார் என்பதை. பெருமைப்பட எதுவும் கிடைக்காதபோதும் எழுதினார்கள். ஆனால் புது நியூரான் முளைத்ததா என்ற கேள்வியை அவர்களால் தொடவே முடியவில்லை. உயிரோடு இருப்பவரின் ஹிப்போகேம்பஸில் அதை எண்ண நம்பகமான வழி இல்லை. புது நியூரான் முதிர்ந்து வேலைக்கு வர எலியிலேயே பல வாரங்கள் பிடிக்கிறது, குரங்கில் பல மாதங்கள். மூன்றாம் மாதத்தில் நோட்டை மூடிவிட்டால் அது கண்ணில் படாது. காய்ச்சலிலிருந்து மீண்ட பிள்ளை இரண்டு வருடம் கழித்து ஏழாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பிக்கிறதா என்று யாராவது அதன் வீட்டுக்கே போய்க் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.