குளிரைக் காத்துச் செல்லும் வண்டி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ரீஃபர் எனப்படும் குளிர்சாதன டிரெய்லரை முதன்முறையாக இழுக்கும் ஓட்டுநருக்கு முதலில் மாறுவது தூக்கம். லாரி நின்றாலும் டிரெய்லர் முகப்பில் உள்ள டீசல் இயந்திரம் பெரும்பாலும் ஓய்வதில்லை. முதுகுக்குப் பின்னால் இரவெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும்.

இந்த வேலையில் என்னை மயக்குவது அதன் நுட்பம். ரீஃபர் சூடான சரக்கைக் குளிரவைக்கும் பெட்டி அல்ல. ஏற்கெனவே குளிர்ந்ததை அப்படியே காப்பது. ஆகவே ஏற்றும் முன்பே காலி டிரெய்லரைக் குளிர்வித்துவிட வேண்டும். கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் ஏற்றினால், கீரைக்குள்ளேயே வெப்பமானியைக் குத்திப் பார்ப்பார்கள். பறித்த பிறகும் கீரை மூச்சுவிடுகிறது, சூட்டைக் கக்குகிறது! அதை வாரிச் செல்லத்தான் கூரையை ஒட்டிய துணிக்குழாய் வழியே பின்பக்கம்வரை போகும் குளிர்காற்று, தரையின் நீளப் பள்ளங்கள் வழியே முன்னே திரும்புகிறது. சுவரில் போட்ட கோட்டுக்கு மேல் பெட்டிகளை அடுக்கினால் அந்த ஓட்டம் தடைப்படும். லெட்டூஸுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் வேண்டும். வாழைப்பழத்துக்கு 13 டிகிரி செல்சியஸ். அதற்கும் வெகுவாகக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். ஐஸ்கிரீமுக்கோ மைனஸ் 29 வரை.

லாரிக் குளிர்சாதனத்தை 1930களின் இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்ற கறுப்பின மெக்கானிக். பெரும்பாலும் தானே கற்றுத் தேறியவர். அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கு 1991இல்தான் கிடைத்தது, இறந்து 30 ஆண்டுகள் கழித்து. இப்படியொரு கௌரவம் உயிரோடிருந்தபோதே கிடைத்திருக்க வேண்டும்.

இறக்குமிடத்தில் மறுபடியும் வெப்பமானி குத்துவார்கள். அளவு பிசகினால் முழுச் சரக்கையும் வாங்க மறுக்கலாம்.