சார்ஜர் தேடும் பந்தயம்: எதை எண்ண வேண்டும்?

அமெரிக்காவில் டெஸ்லா கார் வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் பல ஆண்டுகளாக ஒரு போட்டி நடத்தி வருகிறார்கள். நிறுவனத்தின் சூப்பர்சார்ஜர் நிலையங்களில் யார் அதிக இடங்களுக்குப் போய்வந்தார்கள் என்பதுதான் போட்டி. எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் கணக்கில் சேராது. வண்டியில் சார்ஜிங் கன்னைச் செருகிக் கொஞ்சமாவது மின்சாரம் ஏற்றியிருக்க வேண்டும். 2012 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் 6 நிலையங்களோடு தொடங்கிய வலையமைப்பு நாடு நாடாகப் பரவப் பரவ, இந்தப் பட்டியலும் நீண்டுகொண்டே போயிற்று. நூற்றுக்கணக்கான நிலையங்களைத் தொட்டவர்கள் அதில் இருக்கிறார்கள்.

பார்ப்பவர்களுக்கு இது வேலையற்ற வேலையாகத் தோன்றலாம். ஆனால் பட்டியல் போட்டு ஊர் ஊராகப் போவது நமக்குப் புதிதல்ல. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் எத்தனை ஆயிற்று, எத்தனை பாக்கி என்று கணக்கு வைத்திருக்கும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. அந்தக் கணக்கு இல்லையென்றால், சீர்காழி பக்கம் திருநாங்கூர் வட்டாரத்துக் கிராமங்களுக்கு வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர் போயிருப்பார்கள்? தானாகப் போக மாட்டாத இடத்துக்கும் மனிதரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பட்டியலின் பலம். சார்ஜர் பந்தயத்துக்கும் அந்தப் பலம் இருக்கிறது. அது எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி.

ஹைதராபாத்தின் குகட்பள்ளியிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. புனேவிலிருந்து சோலாப்பூர், ஹைதராபாத், விஜயவாடா வழியாக மசூலிப்பட்டினம் போகும் 65-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊரை ஊடறுத்துப் போகிறது. அதன் தலைக்கு மேலே மெட்ரோ. 2017 நவம்பரில் மியாப்பூரில் மெட்ரோவைத் தொடங்கிவைத்தார்கள். அடுத்த ஆண்டே மியாப்பூர், பாலாநகர் மெட்ரோ நிலையங்களில் பவர்கிரிட் நிறுவனம் மின்வாகன சார்ஜர்களை அமைத்தது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குகட்பள்ளி. வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய கே.பி.எச்.பி. காலனியில் இன்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிகள். அங்கே ஒரு பிளாட்டுக்கு ஒரு பார்க்கிங் கிடைப்பதே பெரிய விஷயம். அதில் தனி மீட்டரோடு பிளக் பாயின்ட் வைக்க அசோசியேஷன் சம்மதிக்க வேண்டும். சம்மதம் கிடைக்காதவர் வெளியே இருக்கும் சார்ஜரை நம்பித்தான் மின்கார் வாங்குகிறார். 2024 நவம்பர் 18 முதல் 2026 டிசம்பர் 31 வரை மின்வாகனங்களுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் கிடையாது என்று தெலங்கானா அரசு அறிவித்தது, அப்படி வாங்குகிறவர்களுக்குப் பெரிய தூண்டுதல்.

இந்தப் பந்தயத்தைப் பற்றி என் முடிவு இது: ஊர் சுற்றுவதால் இதற்கு மதிப்பு வருவதில்லை, சுற்றியவர் விட்டுப்போகும் தகவலால்தான் வருகிறது. அந்தத் தகவலைக் கணக்கில் எடுக்காமல், போன இடங்களை மட்டும் எண்ணும் விதிதான் இதன் பெரிய குறை.

சாதனை ஓட்டம் காட்டாதது

இந்தியாவில் இந்தப் போட்டிக்கு நெருங்கியது காஷ்மீர்–கன்னியாகுமரி ஓட்டம். 2023 பிப்ரவரியில் டாடா நிறுவனத்தின் நெக்ஸான் மின்கார் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை 4,003 கிலோமீட்டரை 95 மணி 46 நிமிடங்களில் கடந்தது. அதில் 28 மணி நேரம் சார்ஜிங்கில் கழிந்தது. 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் கர்வ் மின்கார் அந்தப் பயணத்தை 76 மணி 35 நிமிடங்களாகக் குறைத்தது. மின்காரில் நெடுந்தூரம் போக முடியாது என்ற பயத்தை இந்த ஓட்டங்கள் வெகுவாகப் போக்கின. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் சாதனைக்குப் போகிறவர் நல்ல சார்ஜராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் போவார். கெட்டுக் கிடக்கும் சார்ஜரைப் பற்றி அவருடைய பயணம் எதுவும் சொல்லாது.

மோட்டார் சைக்கிள்காரர்களின் பழைய பந்தயம் ஒன்றையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் அயர்ன் பட் சங்கம் நடத்தும் சேடில்சோர் சவாலில் 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இந்தியாவிலும் பலர் அதை முடித்திருக்கிறார்கள். அதற்குச் சாட்சி, தேதியும் நேரமும் அச்சிட்ட பெட்ரோல் பங்க் பில்கள். அங்கே பில் போதும். ஏனென்றால் பங்குக்குப் போனால் பெட்ரோல் கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. மின்காரில் அதுதான் முதல் கேள்வி. போய்ச் சேர்ந்ததற்கு மட்டும் சாட்சி கேட்கும் விதியை அப்படியே எடுத்து மின்காருக்கு வைத்தால், அந்த முதல் கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடும்.

பந்தயத்தின் பலம்

கார்க்காரர்கள் இடம் இடமாகப் போவது எவ்வளவு பெரிய உண்மையை வெளியே கொண்டுவரும் என்பதற்கு 2022-இல் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் நடந்த ஆய்வு சாட்சி. பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ரெம்பலும் தன்னார்வலர்களும் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் திறந்திருந்த 181 வேக சார்ஜிங் நிலையங்களுக்கும் போனார்கள். மொத்தம் 657 கன்கள். 2 நிமிடம் சார்ஜ் ஏறினால் தேறியது, இல்லையென்றால் தேறவில்லை. தேறியவை 72.5 விழுக்காடு. நிறுவனங்களோ 95 விழுக்காட்டுக்கு மேல் இயங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. பரிசும் இல்லை, பட்டியலில் முதலிடமும் இல்லை. கெட்டுப்போனதையும் சேர்த்து எண்ணியதால்தான் அந்த உண்மை வெளியே வந்தது.

இந்தியாவுக்கு இப்படி ஒரு சரிபார்ப்பு இன்னும் அதிகம் தேவை. 2018 டிசம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று இலக்கு வைத்தது. 2024 இறுதியில் நாட்டில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொது சார்ஜிங் நிலையங்கள் இருந்தன. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் இன்னும் சுமார் 72 ஆயிரம் சார்ஜர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். இவையெல்லாம் நிறுவியதன், நிறுவப்போவதன் கணக்கு. இன்று காலை அவற்றில் எத்தனை உயிரோடு இருந்தன என்பதை இந்த எண்கள் காட்டாது. அந்தந்த வாசலில் போய் நின்று கன்னைச் செருகிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

சார்ஜர் கெட்டுப்போகும் விதங்களும் பல. ஆப்பில் பச்சை நிறத்தில் காலி என்று காட்டும். அங்கே போய், ஓடிபி போட்டு, வாலட்டில் பணம் ஏற்றி, கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, கன்னைச் செருகினால் சில நொடிகளில் உள்ளே டக் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். பிறகு மின்விசிறி இரைய வேண்டும். அது நடக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், அடித்தளப் பார்க்கிங்கில் இயந்திரத்தின் சிம்முக்கு சிக்னல் கிடைக்காமல் இருக்கலாம்.

ஜே.என்.டி.யூ. பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு மாலையில் என் கண்ணெதிரே இரண்டு கார்கள் முயன்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. இயந்திரம் செத்துவிட்டது என்றே நானும் நினைத்தேன். மூன்றாவதாக ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். பக்கவாட்டில் இருந்த சிவப்பு அவசரப் பொத்தானை யாரோ அழுத்தி வைத்திருந்தார்கள். அவர் அதை வலப்பக்கம் திருகினார், அது வெளியே துள்ளியது. ஒரு நிமிடத்தில் திரை உயிர்பெற்றது. “பசங்க விளையாட்டா அழுத்திட்டுப் போயிடுவாங்க அண்ணா, முதல்ல இதைப் பாருங்க” என்றார்.

அன்று அங்கே ஒரு சார்ஜர் பந்தயம் நடந்திருந்தால் புள்ளிகள் எப்படிப் போயிருக்கும்? திரும்பிப் போன இருவருக்கும் பூஜ்யம். டாக்ஸிக்காரருக்கு ஒன்று. சிவப்புப் பொத்தானைப் பற்றிய செய்தி எங்கேயும் பதிவாகியிருக்காது. அடுத்து வருகிறவருக்கு அந்த மூன்று பயணங்களிலும் மிகவும் உபயோகமான விஷயம் அதுதான்.

பந்தயத்தின் குறைகள்

சார்ஜ் ஏறாவிட்டால் புள்ளி இல்லை என்ற விதி, தோல்வியைச் சொல்லாமல் மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. புள்ளி வேண்டுகிறவர் நல்லபடி வேலை செய்வதாக ஏற்கனவே தெரிந்த இடத்துக்குத்தான் போவார். சந்தேகமான இடம் சந்தேகமாகவே கிடக்கும்.

இன்னொன்று, புள்ளிகள் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் கூட்டம் சேரும். குகட்பள்ளி, மாதாப்பூர், கச்சிபௌலி என்று மேற்கு ஹைதராபாத்தைச் சுற்றினால் ஒரே மாலையில் பல நிலையங்களைத் தொட்டுவிடலாம். அதே மாலையில் ஆதிலாபாத் பக்கமோ முலுகு பக்கமோ ஒன்றைத்தான் தொட முடியும். போட்டிக்காரரின் கணக்குக்கு அது நஷ்டம். அந்த வழியில் இரவில் மாட்டிக்கொள்ளும் குடும்பத்துக்கோ அந்த ஒன்றின் நிலவரம்தான் முக்கியம்.

வரிசையில் நிற்பவரையும் நினைக்க வேண்டும். ஒரு யூனிட் ஏற்ற இரண்டு, மூன்று நிமிடம்தானே என்று போட்டிக்காரர் சொல்லலாம். ஆப், வாலட், கன் எல்லாம் சேர்த்தால் பத்து நிமிடம் ஆகிவிடும். பின்னால் நிற்கும் டாக்ஸிக்காரருக்கு அந்தப் பத்து நிமிடம் கைவிட்டுப் போகும் ஒரு சவாரியாக இருக்கலாம். சங்கராந்தி சமயத்தில் நிலைமை இன்னும் மோசம். குகட்பள்ளியில் குடியிருக்கும் ஆந்திரக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் விஜயவாடா சாலையில் கிளம்பும்போது, சூர்யாபேட்டை பக்கம் புள்ளிக்காக ஒரு கன்னைப் பிடித்துவைப்பது விளையாட்டாகாது.

சுற்றுச்சூழல் கணக்கும் இடிக்கிறது. ஒரு யூனிட்டில் சாதாரண மின்கார் 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடும். ஒரு யூனிட் ஏற்றுவதற்காக 20 கிலோமீட்டர் போனால், ஒன்றை வாங்க மூன்றைச் செலவழித்த கதையாகிவிடும். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்து வருகிறது. காரணமில்லாமல் ஓட்டும் கிலோமீட்டருக்குப் பின்னாலும் புகை இருக்கிறது.

கடைசியாக, யார் இதில் சேர முடியும் என்ற கேள்வி. நேரமும் பணமும் இருக்கிறவர்கள், பெரும்பாலும் ஆண்கள். ஒரு சார்ஜர் வெளிச்சமில்லாத மூலையில் இருக்கிறதா, பக்கத்தில் காவலாளி உண்டா, கழிப்பறை திறந்திருக்கிறதா என்பதெல்லாம் தனியாக ஓட்டிவரும் பெண்ணுக்கு முதல் தகவல்கள். வேகத்துக்கும் எண்ணிக்கைக்கும் மட்டும் புள்ளி தரும் பந்தயத்தில் அவர் சேரவும் மாட்டார், அவருக்குத் தெரிந்தது பட்டியலில் ஏறவும் ஏறாது.

விதியை மாற்றினால்

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. விதியை மாற்றினால் போதும். சார்ஜ் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பதிவுக்கு ஒரே புள்ளி தர வேண்டும். ஏறாவிட்டால் திரையின் படமும் காரணமும் கட்டாயம். நீண்ட நாள் யாரும் பதிவிடாத நிலையத்துக்குக் கூடுதல் புள்ளி. வெளிச்சம், கழிப்பறை, பெட்ரோல் கார் வழிமறித்து நிற்பது ஆகியவற்றுக்கும் இடம். யாராவது காத்திருந்தால் கன்னைத் தொடக் கூடாது. அவருக்கு சார்ஜ் ஏறுவதைப் பார்த்து எழுதினாலே போதும். ரெம்பல் குழுவும் அப்படித்தான் செய்தது: வேறொரு கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் அந்தக் கன் தேறியதாகவே கொண்டது. பண்டிகை வாரங்களில் பந்தயத்துக்கு விடுமுறை.

பொய்ப் பதிவு வராதா, காரின் கோளாறை இயந்திரத்தின் மேல் போட மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் அந்த ஆய்வு வழி காட்டியிருக்கிறது: ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கன்களைச் சில நாள் கழித்து மறுபடி சோதித்தார்கள், முடிவு பெரிதாக மாறவில்லை. இங்கேயும் ஒருவர் சொன்னதை இன்னொரு மாடல் காரில் வரும் வேறொருவர் சரிபார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளலாம்.

முதலிடம் இல்லையென்றால் யார் வருவார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். ஹைதராபாத்திலும் நடக்கும் பிஆர்எம் நெடுந்தூர சைக்கிள் பயணங்களைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்று வரிசைப்படுத்துவதில்லை. முடித்தவர் எல்லோரும் முடித்தவர்களே. அதற்காக விடியற்காலையில் எழுந்து வருகிறவர்கள் குறையவில்லை. ஊக்கத்துக்கு ஒரு பட்டியலும் ஒரு முத்திரையும் போதும், யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை.

இதைத் தொடங்கப் பெரிய அமைப்பு எதுவும் வேண்டாம். மியாப்பூருக்கும் பாலாநகருக்கும் இடையில் இருப்பவை மூன்றே மெட்ரோ நிலையங்கள். வெவ்வேறு மாடல் கார் வைத்திருக்கும் நாலைந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினால், அந்தச் சாலையிலும் பக்கத்து மால்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் உள்ள பொது கன்கள் ஒவ்வொன்றையும் சோதித்துவிடலாம். பிளக்ஷேர் ஆப்பில் வெற்றியையும் தோல்வியையும் பதிவிட இடம் ஏற்கனவே இருக்கிறது. கெட்டுக் கிடப்பவற்றின் பட்டியலை அந்தந்த நிறுவனத்துக்கு அனுப்பி, ஒரு மாதம் கழித்து அதே இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குள் எத்தனை கன் சரியானது என்பதை எண்ணட்டும். கே.பி.எச்.பி. காலனியில் பிளக் பாயின்ட் கிடைக்காமல் மின்கார் வாங்கியவருக்கு அந்த எண்ணிக்கைதான் வேண்டும்.