சிறப்புரைக்கு யாரை அழைப்பது?

தொழில் சங்கங்களின் ஆண்டு மாநாட்டுக்காக நிர்வாகக் குழு கூடும்போது முதலில் எழும் கேள்வி, ‘சிறப்புரைக்கு யாரைக் கூப்பிடலாம்?’ என்பதுதான். கோவையில் பம்ப் உற்பத்தியாளர்கள் கூடினாலும், திருப்பூரில் பின்னலாடைக்காரர்கள் கூடினாலும், சிவகாசியில் அச்சகத்தார் கூடினாலும் இதுவே வரிசை. நாலைந்து பெயர்கள் வந்து விழும். ஒருவர் யூடியூப் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மூன்று நிமிடம் பார்த்ததும் ‘அருமையா பேசுறாருங்க’ என்று முடிவாகிவிடும். அவர் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் நினைவுக்கு வரும். ‘சிகரம் தொடுவோம்’ என்பதுபோல எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற ஒரு தலைப்பைப் போட்டு முடித்துவிடுவார்கள்.

எதற்காக அழைக்கிறோம் என்று தீர்மானிக்காமல் யாரை அழைப்பது என்று தீர்மானிக்கும் இந்த வழக்கம்தான் பல மாநாடுகளின் முக்கியமான பொழுதை வீணாக்குகிறது. பேச்சாளரின் கட்டணம் ஒரு பங்குச் செலவு. பட்டறையையும் கடையையும் விட்டுவிட்டு ஐந்நூறு பேர் வந்து உட்காரும் அந்த ஒரு மணி நேரம் அதைவிடப் பெரிய செலவு. அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நல்ல உரை எது என்று கேட்பவருக்கே தெரிந்துவிடும் என நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை அசைத்த சோதனை ஒன்று உண்டு. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் டொனால்டு நஃப்டுலினும் அவருடைய இரு சகாக்களும் ‘டாக்டர் மைரன் ஃபாக்ஸ்’ என்றொரு நிபுணரை உருவாக்கினார்கள். உண்மையில் அவர் ஒரு நடிகர். மனித நடத்தையைக் கணிதத்தால் விளக்குவதில் வல்லவர் என்று அறிமுகம் செய்து, அவரைப் பேச வைத்தார்கள். அந்தப் பொருள் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஓர் அறிவியல் இதழ்க் கட்டுரையை அடிப்படையாக வைத்து, முன்னுக்குப்பின் முரணான வாக்கியங்களும் இட்டுக்கட்டிய சொற்களும் நடுநடுவே நகைச்சுவையும் கலந்து பேசும்படி பழக்கியிருந்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், கல்வியாளர்கள் என மொத்தம் 55 பேர். பெரும்பாலோர் உரை தங்கள் சிந்தனையைத் தூண்டியதாக எழுதிக் கொடுத்தார்கள். அவர் போலி என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய கட்டுரைகளை ஏற்கெனவே வாசித்திருப்பதாகக்கூட ஒருவர் குறிப்பிட்டிருந்தார். 1973இல் இந்த ஆய்வு வெளியானது.

மேடைக் கவர்ச்சியே மோசடி என்று வாதிடுபவர்கள் இந்தச் சோதனையை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதன் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். குட்டு உடைந்த பிறகும் அந்தப் பொருளைப் பற்றி மேலும் வாசிக்கச் சிலர் ஆர்வம் காட்டினார்கள். அதே ஆய்வாளர்களில் ஒருவரான ஜான் வேர் 1975இல் மாணவர்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வில், துடிப்பான உரையைக் கேட்டவர்கள் தேர்விலும் நன்றாகவே எழுதினார்கள். ஆகவே ஈர்ப்பு கற்றலுக்குப் பகை அல்ல. காது கொடுக்காதவருக்கு எதையும் கற்பிக்க முடியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பேச்சில் துடிப்பு இருக்கும்போது, உள்ளே சரக்கு இருக்கிறதா இல்லையா என்பதை அரங்கில் உட்கார்ந்திருப்பவரால் பிரித்தறிய முடிவதில்லை.

2013இல் ஷானா கார்ப்பென்டரும் சகாக்களும் இதை இன்னும் நறுக்காகக் காட்டினார்கள். மூவண்ணப் பூனைகள் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பது ஏன் என்று விளக்கும் ஒரு சிறு உரை. ஒரே வாசகம், ஒரே பேச்சாளர். ஒரு பதிவில் அவர் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தடங்கலின்றிப் பேசினார். மற்றதில் குனிந்து, குறிப்பைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி வாசித்தார். சரளமான பேச்சைக் கேட்டவர்கள் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று கணித்தார்கள். சோதித்துப் பார்த்தால் இரு தரப்பாருக்கும் நினைவிருந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். நிர்வாகக் குழு பார்க்கும் மூன்று நிமிடக் காணொளி இந்தச் சரளத்தைத்தான் காட்டுகிறது. மாநாடு முடிந்ததும் நிரப்பி வாங்கும் கருத்துப் படிவமும் அதையேதான் அளக்கிறது. பயிற்சியின் பலனை நான்கு படிகளில் பார்க்க வேண்டும் என்று டொனால்டு கிர்க்பேட்ரிக் 1959லேயே சொன்னார்: கேட்டவருக்குப் பிடித்ததா, அவர் கற்றாரா, நடந்துகொள்ளும் விதம் மாறியதா, தொழிலில் விளைவு தெரிந்ததா. நாம் முதல் படியில் ஏறி நின்றுகொண்டு ‘மாநாடு மாபெரும் வெற்றி’ என்று அறிக்கை எழுதுகிறோம்.

தமிழ் மேடைக்கு இதில் தனி வலிமையும் உண்டு, தனி ஆபத்தும் உண்டு. பட்டிமன்றமும் இலக்கியச் சொற்பொழிவும் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. பேச்சை ரசிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ரசனையே பேச்சாளரின் சரக்கைச் சோதிக்கும் விழிப்பை மங்கச் செய்துவிடுகிறது. தன்னம்பிக்கைப் பேச்சை நான் அற்பமாக நினைக்கவில்லை. வங்கிக் கடனையும் வராத பாக்கியையும் தனியாகச் சுமக்கும் ஒரு முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு ஒரு மணி நேரத் தைரியம் பெரிய காரியம். எம். எஸ். உதயமூர்த்தி தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசியபோது, அமெரிக்காவில் தொழில் நடத்திய அனுபவம் அவருடைய சொல்லுக்குப் பின்னால் இருந்தது. கேட்டவர்கள் அதை உணர்ந்தார்கள். இன்று பல மேடைகளில் அதே உணர்ச்சி கிடைக்கிறது. பின்னால் இருக்க வேண்டிய அனுபவம்தான் கிடைப்பதில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு வேறு வாய்களிலிருந்து அதே குட்டிக் கதைகளைக் கேட்கும் உறுப்பினர், மாநாட்டுக்கு வருவதே மதியச் சாப்பாட்டுக்கும் நாலு பேரைப் பார்ப்பதற்கும் என்று ஆகிவிடுகிறார்.

தொழில்காரருக்குக் கற்பித்த உரைக்கு நான் அறிந்ததிலேயே சிறந்த சான்று, மேடையோ மாலையோ இல்லாத ஒரு கூட்டம். ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் தம் புகழ்பெற்ற நூலை 1997இல் வெளியிடுவதற்கு முன்பு நடந்தது அது. சிறு போட்டியாளர்கள் பெரிய நிறுவனங்களை வீழ்த்துவது பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வாசித்திருந்த இன்டெல் தலைவர் ஆண்டி குரோவ், தம் உயர் அதிகாரிகளிடம் பேச அவரை அழைத்தார். போய்ச் சேர்ந்தபோது குரோவுக்கு நேரமில்லை. பத்தே நிமிடம், உங்கள் கோட்பாட்டின்படி இன்டெல் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். கிறிஸ்டென்சன் இணங்கவில்லை. கோட்பாட்டை விளக்க முப்பது நிமிடம் வேண்டும் என்றார். நடுவில் குரோவ் மறுபடி குறுக்கிட்டபோதும், எஃகுத் தொழிலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன் என்று தொடர்ந்தார்.

அமெரிக்காவின் சிறு எஃகு ஆலைகள் முதலில் கட்டடக் கம்பியைத்தான் உற்பத்தி செய்தன. அதில் லாபம் குறைவு என்பதால் பெரிய ஆலைகள் அந்தச் சந்தையை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தன. சிறு ஆலைகள் அங்கே காலூன்றி, ஒவ்வொரு படியாக மேலே ஏறி, பெரியவர்களின் நல்ல சந்தைகளையும் பிடித்தன. கதை முடிந்ததும், இன்டெல் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குரோவ் தாமே சொல்லத் தொடங்கினார். மலிவுச் சந்தையைப் போட்டியாளரிடம் விட்டுவிடாமல் அங்கேயும் இறங்க வேண்டும் என்ற அந்த முடிவு, 1998இல் வந்த செலரான் சில்லுக்கு வழிவகுத்தது. சில்லுத் தொழிலைப் பற்றிக் குரோவுக்கு உபதேசம் செய்யாமல், யோசிக்கும் வழியைக் காட்டியதால்தான் அது பலித்தது என்று கிறிஸ்டென்சன் பின்னாளில் எழுதினார்.

இந்தச் சம்பவத்தில் பேச்சாளரின் திறமை மட்டும் வேலை செய்யவில்லை. கேட்டவர் முன்கூட்டியே வாசித்துவிட்டு, கையில் ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். பேச்சாளரோ கேட்பவருடைய தொழிலைத் தொடாமல், அவருக்குச் சொந்த அபிமானம் எதுவும் இல்லாத வேறொரு தொழிலை எடுத்து விரித்தார். தன் தொழிலைப் பற்றி வெளியாள் குறை சொன்னால் எந்த முதலாளியும் எதிர்வாதம்தான் தேடுவார். பிறர் தொழிலில் நடந்த பிழையை அமைதியாகப் பார்ப்பார், பார்த்த பிறகு தன்னுடையது தானாகத் தெரியும். வெளியாளை அழைப்பதன் உண்மையான பயன் இதுதான். பக்கத்துக் கம்பெனிக்காரர் சொன்னால் உள்நோக்கம் தேடுகிற காது, வெளியாள் சொன்னால் திறக்கிறது.

கிறிஸ்டென்சன் கதையும் குறையற்றதல்ல. அவருடைய கோட்பாடு மேடைகள்தோறும் பரவி, எதற்கெடுத்தாலும் ஓதப்படும் மந்திரமானது. 2014இல் வரலாற்றாசிரியர் ஜில் லெப்போர், அவர் காட்டிய உதாரணங்களின் வலுவைக் கேள்விக்குள்ளாக்கி நீண்ட விமர்சனம் எழுதினார். இன்னொரு உதாரணம், உளவியலாளர் ஏமி கட்டி. அவருடைய 2012 டெட் உரையைக் கேட்டு, மிடுக்காக நிற்பது உடலின் ஹார்மோன்களையே மாற்றும் என்று லட்சக்கணக்கானோர் நம்பினார்கள். 2015இல் 200 பேரை வைத்துச் செய்த மறுசோதனையில் ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. 2016இல், உரைக்கு ஆதாரமான மூல ஆய்வின் முதல் ஆசிரியரே அந்த விளைவை இனி நம்பவில்லை என்று அறிவித்தார். இந்தத் திருத்தங்கள் எதுவும் உரை சென்ற தூரம் சென்று சேரவில்லை. ஆகவே பேச்சாளரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: நீங்கள் சொல்வது எந்த இடத்தில் பொருந்தாது? இதற்கு உடனே இரண்டு உதாரணம் சொல்ல முடிந்தவரை நம்பலாம்.

ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் பேச்சைத் தொடங்கிய விதத்தையும் இங்கே நினைக்கிறேன். அவர் முதலில் தேர்வு வைப்பார். தம் மாணவர்களுக்கு ஐந்து ஜோடி நாடுகளைக் கொடுத்து, ஒவ்வொரு ஜோடியிலும் குழந்தை இறப்பு அதிகமுள்ள நாடு எது என்று கேட்டதை 2006 டெட் உரையில் விவரித்தார். மாணவர்கள் சராசரியாகச் சரியாகச் சொன்னது 1.8. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்திருந்தால்கூட 2.5 வந்திருக்கும். பிற்காலத்தில் பெரிய தொழில் தலைவர்களிடமும் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டே தொடங்கினார். தான் நம்பியிருந்தது தவறு என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்ட ஆள், மீதி உரையை வேறு கவனத்தோடு கேட்பார். ரோஸ்லிங்கிடம் சிரிப்பும் இருந்தது, மேடை வித்தையும் இருந்தது. எல்லாம் அந்தத் தவறான நம்பிக்கையைக் குறிவைத்தே இருந்தன.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் உரைகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. அவருடைய ஆங்கிலத்தில் இலக்கணம் தேடினால் கிடைக்காது. சரளத்தை மட்டும் பார்க்கும் குழு முதல் நிமிடத்திலேயே அவரைக் கழித்துவிடும். மலிவு விலை நாப்கின் செய்யப் பஞ்சை வைத்து முயன்று தோற்றது, உள்ளே இருப்பது மரக்கூழிலிருந்து வரும் நார் என்று பின்னால் தெரிந்தது, அதற்கான இயந்திரத்தைத் தானே எளிமையாக வடிவமைத்தது என ஒவ்வொரு தோல்வியின் காரணத்தையும் அவர் சொல்கிறார். வென்றவர்களின் பேச்சில் நாம் அரிதாகக் கேட்பது இதைத்தான். அவருடைய வாழ்க்கையை யாரும் திரும்ப வாழ முடியாது. வாடிக்கையாளரை எப்படிக் கவனிப்பது என்பதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், தேர்வு தொடங்க வேண்டிய இடம் பெயர்ப் பட்டியல் அல்ல. நம் தொழிலில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் எந்த எண்ணம் இப்போது நம்மைக் கெடுக்கிறது என்று குழு முதலில் ஒரு வரி எழுத வேண்டும். தகவல் தேவை என்றால் சிறப்புரை தேவையில்லை. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள் என்ற கெடுவுக்குள் பணம் தராத வணிகர், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை வருமானத்தில் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, ஓர் ஆடிட்டரின் சுற்றறிக்கையும் கேள்வி பதில் அமர்வுமே போதுமானதாக இருந்தது. ஆனால் சட்டம் நம் பக்கம் இருந்தும் பாக்கியைக் கேட்க ஏன் தயங்குகிறோம், ஒரே வாடிக்கையாளரை நம்பி ஏன் பட்டறையைப் பெரிதாக்கினோம் என்பவை சுற்றறிக்கையில் தீராதவை. அவற்றுக்கு உரை வேண்டும்.

அந்த ஒரு வரியோடு பேச்சாளரைத் தொலைபேசியில் அழைத்தால் அவர் தரம் அரை மணியில் தெரியும். சிலர் தங்கள் தலைப்புப் பட்டியலை அனுப்பி வைப்பார்கள். சிலர், வருகிறவர்களில் எத்தனை பேர் சொந்தமாக ஏற்றுமதி செய்கிறார்கள், எத்தனை பேர் கூலிக்குத் தைக்கிறார்கள் என்று கேட்பார்கள். இரண்டு உறுப்பினர்களிடம் முன்கூட்டியே பேச முடியுமா என்பார்கள். இரண்டாவது வகையினரையே அழைக்கச் சொல்வேன், புகழ் குறைவாக இருந்தாலும். புகழுள்ள பெயர் இருந்தால்தான் ஸ்பான்சர் வருவார், நாற்காலி நிரம்பும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அப்படியானால் அந்தப் பெயரைத் தொடக்க விழாவுக்கு அழைக்கட்டும். கற்பதற்கான நேரத்தை வேறொருவருக்கு ஒதுக்கட்டும். வெட்டித் தொகுத்த காணொளியோடு நிற்காமல், ஒரு முழு உரையையும் அதன் பிறகான கேள்வி நேரத்தையும் பார்க்க வேண்டும். கேள்வி நேரத்தில்தான் மனப்பாடம் தீர்ந்துபோகும்.

நம் பக்கக் குறை ஒன்று பேச்சாளரின் எந்தக் குறையையும்விடப் பெரியது. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னாள் தலைவர்களுக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம் எல்லாம் முடியும்போது சிறப்புரையின் ஒரு மணி நேரம் அரை மணியாகக் குறுகியிருக்கும். கேள்வி நேரம் ரத்தாகும். கேள்வி கேட்க எழுந்தவரை ‘சாப்பிடும்போது பேசிக்கலாங்க’ என்று உட்கார வைப்பார்கள். தொலைவிலிருந்து வரவழைத்த ஒருவரிடம் நம் சொந்தச் சிக்கலைக் கேட்க இருந்த ஒரே வாய்ப்பு அங்கே போய்விடுகிறது. பொன்னாடைகளை முந்தைய மாலைக்கு மாற்றினால் யாருடைய மரியாதையும் குறையாது.

இன்னொன்றையும் சங்கங்கள் துணிந்து செய்து பார்க்க வேண்டும். நம் உறுப்பினர்களிலேயே ஏற்றுமதி ஆர்டர் ரத்தாகி மீண்டவர் இருப்பார், வார்ப்பு ஆலையை மூடிவிட்டு வேறு வழி கண்டவர் இருப்பார். மேடையேறிப் பேசச் சொன்னால் நடுங்குவார்கள், மறுத்துவிடுவார்கள். அவர்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை எதிரில் அமர்த்தி, கேள்வி கேட்கச் சொல்லலாம். பட்டிமன்ற நடுவர்கள் பலருக்கு இந்தக் கலை கைவந்தது. யாரை எங்கே சிரிக்க வைப்பது, எந்த இடத்தில் நிறுத்தி ‘அப்ப எவ்வளவு கடன் இருந்துச்சுங்க?’ என்று கேட்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சரக்கு உள்ளவருக்குப் பேச்சு வராவிட்டால், பேச்சு வருபவரை அவருக்குத் துணையாக உட்கார வைக்கலாம். இருவருக்கும் உரிய கட்டணத்தைக் கொடுக்க வேண்டும், உறுப்பினர் என்பதற்காக முன்னவரை இலவசமாக விட்டுவிடக் கூடாது.