ஹரி ஓடாமல் இருந்திருந்தால்

ஜி.என்.ஆர். குமாரவேலனின் 'ஹரிதாஸ்' 2013இல் வந்தபோது என் மகனுக்கு இரண்டு வயது. ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கவில்லை. படம் பார்த்து அழுதேன். சென்ற மாதம் ஷார்ஜா வீட்டில் அதே மகனுடன் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். இம்முறை எரிச்சல் வந்தது.

படம் மோசமில்லை. மனவளர்ச்சிக் குறைபாட்டைப் பலமுறை கேலிக்கு வைத்திருந்த தமிழ் சினிமாவில், ஹரியாக வரும் பிருத்விராஜ் தாஸை யாரும் சிரிக்கவைக்கப் பயன்படுத்தவில்லை. மகனைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் போலீஸ் அப்பாவாகக் கிஷோர் அடக்கி நடித்திருக்கிறார். சினேகாவின் டீச்சர் பாத்திரமும் மனதில் நிற்கிறது. எனக்கு உறுத்துவது அந்த ஓட்டம். ஹரி ஓட்டக்காரன் ஆன பிறகுதான் படத்துக்கு மூச்சு வருகிறது. ஓட வராத ஹரியை என்ன செய்வது? என் மகனுக்கு ஓட்டமும் வராது, கணிதமும் வராது. மெட்ரோ நிலையங்களின் பெயர்களை வரிசை மாறாமல் சொல்வான், அவ்வளவுதான்.

ஆட்டிசம் உடைய ஜிம் சின்க்ளேர் 1993இல், 'எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள்' என்ற பொருளில் தலைப்பிட்டு பெற்றோருக்காக ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் ஒரு ஓடு, உள்ளே 'சரியான' பிள்ளை ஒளிந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். அதைப் பிரித்தால் மிஞ்சுவது வேறொரு ஆள் என்பது அதன் சாரம். 'ஹரிதாஸ்' ஓட்டைத்தான் உடைக்கப் பார்க்கிறது.

நம் சொற்களும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளி'. இங்கே 2017 முதல் 'அஸ்ஹாப் அல் ஹிமம்', மனவுறுதி கொண்டோர். நல்லெண்ணத்தில் வைத்த பெயர்கள், மறுக்கவில்லை. ஆனால் திறனையும் உறுதியையும் பிள்ளையிடம்தானே கேட்கின்றன? இதைவிட எனக்குப் பிடித்தது அமீரகத்தின் 2006ஆம் ஆண்டு 29ஆம் எண் சட்டம். குறைபாட்டைக் காரணம் காட்டி, தனியார் பள்ளி உட்பட எந்தக் கல்வி நிறுவனமும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. அது பிள்ளையிடம் எதையும் கேட்கவில்லை, பள்ளியிடம் கேட்கிறது. 'இடமில்லை' என்று ஒரு பள்ளி எங்களைத் திருப்பி அனுப்பியபோது இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். விசாவில் இருக்கிறோம், வம்பு எதற்கு என்று திரும்பிவிட்டேன்.

லிஃப்டிலும் அதே புத்திதான். மகன் கைகளைப் படபடவென ஆட்டுவான். மேல்மாடிப் பையன்கள் அதேபோல் ஆட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவனிடம்தான் "கையைக் கட்டுடா" என்பேன். படம் பார்த்த வாரத்திலும் சொன்னேன். அவன் கட்டவில்லை. பையன்களைப் பார்த்து, "இது என் கை" என்றான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் பக்கம் திரும்பாமலே, "அப்பா, அவங்ககிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லாத" என்றான்.

மறுநாள் மாலை மேல்மாடிக்குப் போய் மணியை அழுத்தினேன்.