37-ஆம் எண்ணுக்கு எழுந்த கைதட்டல்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் விடைபெறும் முறை ஏறத்தாழ ஒரு சடங்கு. ரசிகர் குழுவினர் கிரேப் தாளை ஒட்டி ஒட்டி வீட்டுச் சுவரளவுக்குப் பேனர் செய்து தூக்கிப் பிடிப்பார்கள். அதைக் கிழித்துக்கொண்டு அணி மைதானத்துக்குள் ஓடி வரும். ஆட்டம் முடிந்ததும் சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள், எதிரணியினரும் வரிசைகட்டி நின்று கைதட்டுவார்கள். இறுதிப் போட்டி நாளன்று, அந்த ஆண்டு ஓய்வு பெற்றவர்களை வண்டியில் ஏற்றி மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிவரச் செய்வார்கள்.

ஆடம் கூட்ஸ் இந்தச் சடங்குக்குப் பிடிகொடுக்காமல் போனார். 2015 செப்டம்பர் 19 அன்று அரையிறுதிச் சுற்றில் அவருடைய சிட்னி ஸ்வான்ஸ் அணி நார்த் மெல்போர்னிடம் தோற்றது. உடைமாற்றும் அறையில் ஓய்வு பெறும் விஷயத்தைச் சக வீரர்களிடம் மட்டும் சொன்னார், அவ்வளவுதான். இறுதிப் போட்டி நாள் ஊர்வலத்துக்கும் வரவில்லை. ஒரே கிளப்புக்காக 372 ஆட்டங்கள் ஆடியவர் அவர். பருவத்தின் சிறந்த, நேர்மையான வீரருக்குத் தரும் பிரௌன்லோ பதக்கத்தை 2003-லும் 2006-லும் பெற்றவர். 72 ஆண்டுகள் கோப்பையைப் பார்க்காமலிருந்த கிளப் 2005-இல் வென்றபோதும், மறுபடி 2012-இல் வென்றபோதும் அணியில் இருந்தவர். அப்படிப்பட்டவர் ரசிகர்களுக்குக் கை அசைக்காமலே போனார்.

ஆனாலும் ரசிகர்கள் அவருக்கு மரியாதை செய்யவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. செய்தார்கள், அவர் ஓய்வு பெறுவதற்கு ஏழு வாரம் முன்பே. அந்த மரியாதை என்ன பெறும் என்பதுதான் இங்கே கேள்வி. பதில் சொல்ல, அதற்கு முன்னால் எழுந்த ஊளைச் சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கூட்ஸ் அட்ன்யமதன்ஹா, நருங்கா என்னும் பூர்வகுடிகளின் வழிவந்தவர். 2013 மே 24 அன்று, பூர்வகுடிகளைச் சிறப்பிப்பதற்கென்றே வைத்த சுற்றில், வேலியோரம் இருந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி அவரைக் குரங்கு என்று ஏசினாள். அவர் நின்று, அவளைச் சுட்டிக் காட்டினார். மறுநாளே, குற்றம் அந்தப் பிள்ளையுடையதல்ல, அவளுக்கு ஆதரவாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவள் ஆதரித்த காலிங்வுட் கிளப்பின் தலைவர் எடி மெக்குவயர் அன்றிரவே உடைமாற்றும் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ஐந்து நாள் கழித்து அவரே வானொலியில் கிங் காங் விளம்பரத்தோடு கூட்ஸின் பெயரைச் சேர்த்துப் பேசிவிட்டு, இன்னொரு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இந்த விவகாரத்தில் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லாதது மன்னிப்புதான்.

2014-இல் கூட்ஸ் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராகத் தேர்வானார். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் இனவெறியைப் பற்றிப் பேசினார். 2015 மே 29 அன்று கார்ல்டனுக்கு எதிராக ஒரு கோல் அடித்துவிட்டு, எதிரணி ரசிகர்கள் இருந்த பக்கம் நோக்கிப் பூர்வகுடிப் போர் நடனம் ஆடினார். கடைசியில் கையில் இல்லாத ஈட்டியை எறிவதுபோல ஓர் அசைவு. இளம் பூர்வகுடி வீரர்களின் அணி ஒன்றிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது அது. அதன் பிறகு, முன்பே இருந்த ஊளை பெருத்தது. ஜூலை 26 அன்று பெர்த் நகரின் சுபியாக்கோ மைதானத்தில் பந்து அவரிடம் போகும்போதெல்லாம் கேலரி ஊளையிட்டது. சக பூர்வகுடி வீரர் லூயிஸ் ஜெட்டா ஒரு கோல் அடித்துவிட்டு, கூட்ஸுக்காக அதே ஈட்டியைக் கூட்டத்தை நோக்கி எறிந்து காட்டினார். அடுத்த ஆட்டத்துக்குக் கூட்ஸ் வரவில்லை.

ஊளையிட்டவர்கள் தங்கள் தரப்புக்குச் சொன்ன வாதம் ஒன்று உண்டு. அதைப் புறந்தள்ளிவிட்டுப் பேசுவது திறனாய்வாகாது. அவர் வேண்டுமென்றே விழுந்து ஃப்ரீ கிக் வாங்குகிறார், அதனால்தான் கத்துகிறோம், தோலின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். பாதி ஒப்புக்கொள்ளலாம். எதிரணியின் பெரிய ஆட்டக்காரரைப் பார்த்துக் கத்துவது இந்த ஆட்டத்தில் பழைய வழக்கம், கத்திய ஒவ்வொருவரின் மனத்தையும் திறந்து பார்க்கவும் முடியாது. ஆனால் விழுந்து ஃப்ரீ கிக் வாங்குபவர்கள் எல்லா அணியிலும் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம், ஆட்டத்தைவிட்டே ஒதுங்கும் அளவுக்கு இது நடக்கவில்லை. அதைவிட வலுவான காரணம் இன்னொன்று. இந்தச் சத்தம் தன் இனத்தின் மேல் விழுவதாக அந்த மனிதர் உணர்கிறார் என்பது நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கத்தியவர், என் மனசில் அப்படியில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. மனசில் என்ன இருந்தாலும், அடி எங்கே விழுகிறது என்று தெரிந்தேதான் அடித்தார்.

இதே அளவுகோலைக் கைதட்டலுக்கும் வைக்க வேண்டும். தட்டியவரின் மனசை எட்டிப் பார்க்க வேண்டாம். அந்தச் செயல் எப்போது நடந்தது, யாரிடமிருந்து வந்தது, பெற்றவருக்கு என்ன செய்தது என்று பார்த்தால் போதும்.

2015 ஆகஸ்ட் 1. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் அடிலெய்டுடன் ஆட்டம். கூட்ஸ் மைதானத்திலேயே இல்லை. அவருடைய சட்டை எண் 37 என்பதால், மூன்றாவது கால்பகுதியின் ஏழாவது நிமிடத்தில் எல்லாரும் எழுந்து கைதட்டுவது என்று ரசிகர்கள் பேசி வைத்திருந்தார்கள். அந்த நிமிடம் வந்தபோது ஆட்டம் நிற்கவில்லை. பந்து ஓடிக்கொண்டே இருந்தது. பந்தைப் பார்க்க வந்தவர்கள் பந்தை விட்டுவிட்டு, மைதானத்தில் இல்லாத ஒருவருக்காக எழுந்து நின்றார்கள். 37 என்று எழுதிய அட்டைகளும் பூர்வகுடிக் கொடிகளும் கேலரியில் தெரிந்தன.

இதில் குறை காண்பது எளிது. சொந்த ஊர், சொந்த அணி, சொந்த நாயகன். ஸ்வான்ஸ் ரசிகர் ஸ்வான்ஸ் வீரருக்குத் தட்டுவதில் என்ன துணிச்சல்? இரண்டு ஆண்டுகளாக ஊளை கேட்டுக்கொண்டிருந்தபோது இந்தக் கைகள் எங்கே போயின? ஒரு நிமிடம் தட்டிவிட்டு உட்கார்வதற்கு என்ன செலவு? மூன்று கேள்வியும் நியாயமானவை. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. தாமதம் தாமதம்தான்.

மற்ற இரண்டுக்கும் பதில் உண்டு. அந்த வாரம் கூட்ஸுக்காக எழுந்து நிற்பது எல்லாரும் ஒத்துக்கொண்ட காரியமாக இருக்கவில்லை. வானொலியிலும் பத்திரிகையிலும் பெயர் பெற்றவர்கள் சிலர் அவரையே குற்றவாளியாக்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். லீக் நிர்வாகமோ அந்தச் சத்தத்துக்கு இனவெறி என்று பெயர் வைக்கவே தயங்கியது. அமைப்பு தயங்கி நின்ற நேரத்தில் ரசிகர் எழுந்தார். வெற்றிக்குப் பின் வரும் கைதட்டலோடு இதை ஒன்றாக வைக்க முடியாது. கைதட்டல் அவருக்கு என்ன செய்தது என்பதற்கு அடுத்த வாரமே சாட்சி. ஆகஸ்ட் 8 அன்று அவர் ஆடத் திரும்பினார். கைதட்டல் ஒன்றினால்தான் திரும்பினார் என்று சொல்ல மாட்டேன். கைதட்டல் எழுந்த அதே வாரம் மெல்போர்ன், ரிச்மண்ட் வீரர்கள் தங்கள் பூர்வகுடிச் சட்டைகளை அணிந்து ஆடியதும் சேர்ந்தே எடைபோட வேண்டியது.

அவர் திரும்பி வந்தது ஜீலாங் மண்ணில். எதிரணியின் ஊர், எதிரணியின் கேலரி. அந்தக் கேலரி அவரைக் கைதட்டி வரவேற்றது. ஜீலாங் ரசிகருக்கு அவரை வாழ்த்த எந்தக் கடமையும் இல்லை; சும்மா இருந்தாலே யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று தங்கள் அணி அவருடைய அணியைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசையும் அவர்களுக்கு இருந்தது, அது நிறைவேறவும் செய்தது. என் கணக்கில் இந்த வரவேற்பு சிட்னியின் ஏழாவது நிமிடத்துக்கு ஒரு படி மேல். முதல் குறையை, சொந்த வீட்டுக் கைதட்டல் என்ற குறையை, நேராக அடித்துப் போட்டது இதுதான்.

ஒப்பிட இன்னொன்று இருக்கிறது. 2022 மார்ச் 25 அன்று அதே சிட்னி மைதானத்தில், அதே கிளப்பின் லான்ஸ் ஃபிராங்க்ளின் தன் ஆயிரமாவது கோலை அடித்தார். ஆயிரக்கணக்கானோர் வேலி தாண்டி மைதானத்துக்குள் கொட்டினார்கள். ஆட்டம் அரைமணி நேரத்துக்கும் மேல் நின்றது. பார்ப்பதற்குப் பிரமாதமான காட்சி, சந்தேகமில்லை. ஆனால் மரியாதை என்று எடைபோட்டால் அதில் பாதி கூட்டத்தின் கொண்டாட்டம். நானும் அங்கே இருந்தேன் என்ற ஆசை. ஃபிராங்க்ளினும் பூர்வகுடி வழிவந்தவர்தான். ஓராண்டு கழித்து, 2023 மே மாதம், மெல்போர்னில் காலிங்வுட் ரசிகர்களின் ஊளை அவரையும் விடவில்லை. அந்த ஜூலையில் அவரும் ஓய்வை அறிவித்தார். கூட்டத்தின் அன்பு எவ்வளவு சத்தமானது என்பதை வைத்து அதன் ஆழத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் கிடையாது.

லீக் கொடுத்த மரியாதைகளை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. 2019-இல் கூட்ஸின் கடைசி ஆண்டுகளைக் காட்டிய ‘தி ஃபைனல் குவார்ட்டர்’ ஆவணப்படம் வெளிவந்த சமயத்தில் லீக்கும் 18 கிளப்புகளும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டன. அவருக்குத் துணையாகப் போதுமான அளவு நிற்கவில்லை என்று ஒப்புக்கொண்டன. சொன்னதில் பிழையில்லை, சொன்ன காலம்தான் பிழை. நான்கு ஆண்டுகள் கழித்து, கேமரா எல்லாவற்றையும் தொகுத்துக் காட்டிய பிறகு, மறுக்க வழியில்லாத நிலையில் வந்த வார்த்தை அது. 2021-இல் புகழ்மண்டபத்தில் சேர அழைத்தார்கள். அவர் வேண்டாம் என்றார். கொடுப்பவரின் மன நிம்மதிக்காகக் கொடுக்கப்படும் மரியாதையைப் பெறுபவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

அந்த இறுதிப் போட்டி நாள் ஊர்வலத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். அது ரசிகர்களுக்கு நேர்ந்த இழப்பு என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் 2015 அக்டோபர் 3 அன்று மோதிய அணிகள் ஹாதார்னும் வெஸ்ட் கோஸ்டும். சுபியாக்கோவில் ஊளையிட்டது வெஸ்ட் கோஸ்ட் கேலரி. ஹாதார்ன் ரசிகர்களும் அந்தப் பருவத்தில் இதற்குப் புதியவர்கள் அல்ல. அந்த இரண்டு கூட்டத்தின் முன்னால் வண்டியில் சுற்றிவரச் சொல்வது கௌரவமா, இன்னொரு சோதனையா? வராமல் இருந்ததற்காக அவர் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடன்பட்டவர் அல்ல. சிட்னி ரசிகருக்கு ஒரு பிரியாவிடை கிட்டாமல் போனது உண்மைதான். அதற்கான கணக்கை அந்த ரசிகர் கேட்க வேண்டியது, கத்தியவர்களிடமும் அவர்களைக் கத்தவிட்டவர்களிடமும்.