தாழ்ந்த சுருதியில் ஒரு நகுமோமு

‘நகுமோமு’ என்றதும் நம் காதில் முதலில் ஒலிப்பது பாலமுரளிகிருஷ்ணாதான். பல்லவி தொடங்கிய சற்று நேரத்தில் சங்கதி மேல் சங்கதியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் முந்தியதைவிட ஒரு படி உயர்த்தி, சபையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார். 2001இல் லண்டனிலிருந்து வந்த ‘சால்ட் ரெய்ன்’ இசைத்தட்டில் சுசீலா ராமன் அதே கீர்த்தனையை எடுக்கிறார். அவர் எங்கேயும் ஏற முனையவில்லை. பல்லவியின் முதல் சொல்லைத் தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலத் தொடங்குகிறார். மைக்குக்கு மிக அருகில் நின்று பாடியிருக்கிறார் என்பது மூச்சு கேட்பதிலிருந்தே தெரிகிறது. நம் கச்சேரிப் பதிவுகளில் மூச்சு ஒரு குறை. இங்கே அதுவே பாட்டின் பாதி.

தியாகராஜர் அந்தப் பாட்டில் என்ன கேட்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். சிரித்த முகத்தைக் காணாமல் தவிக்கும் ஒருவர் ராமனிடம் நியாயம் கேட்கிறார். கருடன் உன் ஆணையைக் கேட்டும் விரைந்து வரவில்லையா, வானத்துக்கும் பூமிக்கும் வெகு தூரம் என்று சொல்லிவிட்டானா என்று சந்தேகப்படுகிறார். இது பிள்ளை கோபத்தோடு அழுகிற அழுகை. ஆபேரியின் அழகில், சங்கதிகளின் மினுமினுப்பில், இந்த அழுகையை நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம். ஆபேரிக்குத் தைவதம் சுத்தமா, சதுச்ருதியா என்ற நீண்ட வாதத்திலும் அது காணாமல் போகிறது. சுசீலா ராமனின் தாழ்ந்த குரல் அதை மீட்டுக்கொண்டு வருகிறது. கெஞ்சுகிறவர் உச்ச ஸ்தாயியில் கெஞ்சுவதில்லை.

ஹைதராபாத் கொண்டாப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தத் தட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, கறிவேப்பிலை கொடுக்க வந்த எதிர் வீட்டு அக்கா அப்படியே வாசலில் நின்றுவிட்டார். குண்டூர்ப் பக்கத்துக்காரர். சிறு வயதில் பாட்டுக் கற்றவர். முழுப் பாட்டும் முடிந்த பிறகு, “இந்த அம்மாயி பாடிக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்கிறாள்” என்று தெலுங்கில் சொன்னார். உச்சரிப்பில் அங்கங்கே தமிழ் வாடை வருகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார். இந்த இசைத்தட்டைப் பற்றி நான் படித்த விமரிசனங்களில் எதுவும் அவருடைய முதல் வாக்கியத்தை எட்டவில்லை.

தெலுங்கு மண்ணில் உட்கார்ந்து இதைக் கேட்பதில் இன்னொரு சுகமும் உண்டு. கொண்டாப்பூரிலிருந்து சற்றுத் தொலைவில்தான் கோல்கொண்டா கோட்டை. தானா ஷா ஆட்சியில் பத்ராசலம் ராமதாசர் சிறையிருந்து ராமனைத் திட்டியும் கெஞ்சியும் பாடியது அங்கேதான். தியாகராஜர் தம் கீர்த்தனைகளிலேயே அந்த ராமதாசரை நினைவுகூர்ந்திருக்கிறார். கோட்டைச் சிறையில் பிறந்த அந்த உரிமைக் கோபம் காவிரிக்கரைத் திருவையாற்றுக்கு வந்தது. அங்கிருந்து தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்றின் வழியாக லண்டனுக்கும் சிட்னிக்கும் போயிருக்கிறது. விஜயநகரத்திலிருந்து வந்த ஒரு சுசீலா தமிழ் சினிமாவின் குரலானார் என்றால், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இந்த சுசீலா லண்டனில் தெலுங்கு பாடுகிறார்.

அவர் 1973இல் லண்டனில் பிறந்தார். நான்கு வயதிருக்கும்போது குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. சிட்னியில் சிறுமியாகவே கர்நாடக இசை கற்று மேடையேறினார். பதின்பருவத்தில் அதை விட்டுவிட்டு ஃபங்க், ராக் குழுக்களிலும், பிறகு ப்ளூஸ், ஜாஸ் பக்கமும் போனார். 1995இல் இந்தியா வந்து ஸ்ருதி சடோலிகரிடம் ஹிந்துஸ்தானி பயின்றார். இரண்டு வருடம் கழித்து இங்கிலாந்து திரும்பி, கிட்டார் கலைஞர் சாம் மில்ஸோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். வங்காள பாவுல் பாடகர் பவன் தாஸோடு ‘ரியல் சுகர்’ என்ற தட்டைச் செய்தவர் மில்ஸ். சுசீலாவின் இசைத்தட்டுகளைத் தயாரித்தவரும் வாழ்க்கைத் துணையும் அவரே.

பாட்டு கற்ற பெண் அதை விட்டுப் போய்த் திரும்பி வந்த கதை என்று இதைச் சுருக்கிவிட எனக்கு மனமில்லை. அவர் திரும்பி வந்தபோது தொண்டை வேறாக இருந்தது. அந்தத் தொண்டையைச் செய்தது சோல்.

சோல் இசையின் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் இருக்கிறது. அரேத்தா ஃபிராங்க்ளினின் தந்தை டெட்ராய்ட்டில் பாப்டிஸ்ட் போதகர். மகள் பாடக் கற்றது அந்தச் சபையில். ஒருவர் ஒரு வரியை விட, கூட்டம் அதை வாங்கித் திருப்பித் தர, மூன்றாம் முறை அதே வரி வேறொரு சூட்டோடு வரும். நாமசங்கீர்த்தனம் கேட்டு வளர்ந்த யாருக்கும் இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஒரே எழுத்தைப் பல ஸ்வரங்களில் இழைப்பதும் இரண்டு மரபிலும் உண்டு. வித்தியாசம் எங்கே என்றால், கமகத்துக்கு ராகம் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது. சோல் பாடகி அந்த வளைவைத் தன் மூச்சிலிருந்தே கண்டெடுக்கிறாள்; குரல் கரகரத்தால் கரகரக்கட்டும் என்று விடுகிறாள். ‘சால்ட் ரெய்ன்’ தட்டை உற்றுக் கேட்டால் இந்த இரண்டும் எங்கே கை மாறுகின்றன என்பது தெரியும். வரியின் நடுவில் கமகம் கற்றபடி அடக்கமாக வருகிறது. வரி முடியும் இடத்தில், நாம் ஒரு நேரான கார்வையை எதிர்பார்க்கும்போது, ஸ்வரம் சற்றே சரிந்து ப்ளூஸ் பாடகியின் வளைவோடு அடங்குகிறது. ஒரு நொடிகூட இருக்காது. தட்டு முழுவதும் நான் காத்திருந்து கேட்பது அந்தச் சரிவுகளைத்தான்.

தீட்சிதரின் நாட்டைக் கீர்த்தனையான ‘மகா கணபதிம்’ இங்கே ‘கணபதி’ என்ற பெயரில் வருகிறது. கச்சேரியைத் தொடங்கிவைக்கும் கம்பீரமான பாட்டு. அதன் அடியில் ஆப்பிரிக்கத் தாளம் ஓடுகிறது. கேமரூனைச் சேர்ந்த ஹிலேர் பெண்டாவின் பாஸ், கினி-பிஸாவைச் சேர்ந்த ஜனுனோ டாபோவின் தாளவாத்தியங்கள், அரெஃப் துர்வேஷின் தப்லா என்று அவரோடு வாசித்தவர்களின் பட்டியலே ஒரு கடல் வழி வரைபடம். மைசூர் வாசுதேவாச்சாரியாரின் ‘மாமவது’ ஹிந்தோளத்தில் அமைந்தது. அந்த ராகத்துக்கு ஐந்து ஸ்வரங்கள்தான். ப்ளூஸ் கிட்டார்க்காரர்களின் விரலுக்குப் பழகியதும் ஓர் ஐந்து ஸ்வர வரிசை என்பதால், மில்ஸின் கிட்டார் இங்கே அந்நியமாக நிற்கவில்லை. பாட்டோடு உரசி விளையாடுகிறது. ஒட்டுப்போட்ட கலப்பிசை என்று இந்த வகையைத் தள்ளிவிடுகிறவர்கள் ‘மாமவது’வை ஒருமுறை கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தட்டிலேயே துணிச்சலான தேர்வு ‘டிரஸ்ட் இன் மீ’. 1967இல் வெளிவந்த டிஸ்னியின் ‘ஜங்கிள் புக்’ படத்தில் மலைப்பாம்பு கா, மோக்லியை மயக்கித் தூங்கவைக்கப் பாடும் பாட்டு. மத்திய இந்தியக் காட்டை ஓர் ஆங்கிலேயர் எழுத, ஹாலிவுட் அதைக் குழந்தைகளுக்கான வேடிக்கையாக்கியது. சுசீலா ராமன் அதைத் தாலாட்டின் நிதானத்துக்கு இறக்குகிறார். சிரிப்பு போய்விடுகிறது. நம்பச் சொல்லும் குரலின் இனிமையும் அதற்குள் இருக்கும் ஆபத்தும் ஒன்றாகக் கேட்கின்றன. கணபதி பாட்டையும் பாம்பின் பாட்டையும் ஒரே தட்டில், ஒரே அக்கறையோடு பாட முடிகிறது அவரால்.

இந்தத் தட்டு 2001 மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது; ரேடியோஹெட்டும் அதே பட்டியலில் இருந்தார்கள். பரிசு பி.ஜே. ஹார்விக்குக் கிடைத்தது. மறு வருடம் பிபிசி ரேடியோ 3 சுசீலா ராமனைச் சிறந்த புதுவரவாகத் தேர்ந்தெடுத்தது.

தாழ்ந்த குரல் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. பெண் குரல் என்றால் மெலிதாக, மேலே ஒலிக்க வேண்டும் என்று நம் சினிமா நம்மைப் பல பத்தாண்டுகள் பழக்கியிருக்கிறது. கனத்த குரலோடு வந்த பெண்ணைக் ‘கட்டைக்குரல்’ என்று ஒதுக்கியிருக்கிறோம். உஷா உதுப்பைப் பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்தே வெளியேற்றினார்கள். அந்தக் குரலுக்கு முதலில் இடம் கொடுத்தது சென்னை அண்ணா சாலையில் நைன் ஜெம்ஸ் என்ற இரவு விடுதி. பட்டுப்புடவையும் பொட்டுமாக அங்கே பாடினார். கச்சேரி மேடையில் டி.கே. பட்டம்மாளின் கனத்த குரலைக் கொண்டாடிய நாம், அந்த மேடைக்கு வெளியே அதே கனத்தை ஏற்கத் தயங்கினோம். சுசீலா ராமன் சிட்னியின் ப்ளூஸ் குழுக்களில் வளர்ந்ததால் தன் குரலுக்காக வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். ப்ளூஸிலும் சோலிலும் கனம்தான் செல்வம்.

அடுத்த தட்டான ‘லவ் டிராப்’ 2003இல் வந்தது. எத்தியோப்பியப் பாடகர் மஹ்மூத் அஹ்மதின் மெட்டு, நைஜீரியாவின் டோனி ஆலன் டிரம்ஸ், 1958இன் ‘யஹூதி’ படத்தில் முகேஷ் பாடிய பாட்டு என்று விருந்தினர் நிறைந்த வீடு அது. குரல் சில நேரம் அந்தக் கூட்டத்தில் இடம் தேடுகிறது. 2005இன் ‘மியூசிக் ஃபார் குரோக்கடைல்ஸ்’ அதைவிட நிதானமானது. அதன் ஒரு பகுதியைச் சென்னையில் பதிவு செய்தார்கள். அதிலிருந்து ‘தி சேம் சாங்’, மீரா நாயரின் ‘தி நேம்சேக்’ படத்தில் இடம்பெற்றது. 2007இல் டிலன், ஹெண்ட்ரிக்ஸ் பாடல்களையெல்லாம் எடுத்து ஒரு தட்டு போட்டார். அதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. தன் இளமையின் அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஒழுங்குக்குப் பிறகு வந்தது ‘வேல்’.

2011இல் வந்த இந்தத் தட்டைப் புரிந்துகொள்ள மறுபடியும் அரேத்தாவிடம் போக வேண்டியிருக்கிறது. வானொலிகளெல்லாம் தன் காதல் பாடல்களை ஒலிபரப்பிக்கொண்டிருந்த உச்சத்தில், 1972இல், அவர் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் சபையார் முன்னால் நின்று ‘அமேசிங் கிரேஸ்’ தட்டைப் பதிவு செய்தார். தன் பாட்டு பிறந்த இடத்துக்குத் திரும்பினாலும், வெளியுலகம் கற்றுக்கொடுத்த அத்தனையையும் அங்கே கொண்டுபோனார். ‘வேல்’ சுசீலா ராமனுக்கு அப்படி ஒன்று. ஆனால் அவர் திரும்பிய வாசல் சிறுவயதில் கற்ற கர்நாடக மேடையுடையது அல்ல. தமிழ்நாட்டுக்கு வந்து, முருகன் பாடல்களுக்குப் பேர்போன கோவை கமலாவிடம் பாடல்களைக் கேட்டுக் கற்றார். பாதயாத்திரைக் கூட்டமும் காவடியும் பால்குடமும் இருக்கும் பக்கம் அது. ராக இலக்கணத்தைவிட ஆவேசம் பெரிதாக இருக்கும் பாட்டு.

‘வேல்’ தட்டின் ‘பால்’, ‘என்னப்பனே’ இரண்டையும் ‘சால்ட் ரெய்ன்’ தட்டின் ‘நகுமோமு’வுக்கு அருகில் வைத்துக் கேட்டால் பத்து வருடத்தில் ஒரு குரல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது புரியும். முன்பு மைக்கருகே தணிந்து பேசிய குரல் இங்கே வாய் திறந்து அழைக்கிறது. நாமம் திரும்பத் திரும்ப வர, ஒவ்வொரு சுற்றிலும் தாளம் கொஞ்சம் இறுகுகிறது. குரல் கரகரப்பை மறைக்காமல் முன்னால் தள்ளுகிறது. சாமி வரும் தறுவாயில் இருக்கும் ஒருவரின் குரலை ஸ்டூடியோவில் இவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்துவிட முடியும் என்று நான் நினைத்ததில்லை. அதே சமயம் பாட்டு கை நழுவவில்லை. எங்கே கத்த வேண்டும், எங்கே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கு சிட்னியில் சிறுமியாகக் கற்றது. கத்தும் துணிவு சோல் கொடுத்தது. கெஞ்சலாக இருந்த பக்தி இங்கே உரிமையாக மாறியிருக்கிறது. கோல்கொண்டாச் சிறையில் ராமதாசர் பாடிய உரிமைக்கு, என் காதில், ‘நகுமோமு’வைவிட ‘வேல்’ நெருக்கமாக ஒலிக்கிறது.

அதற்குப் பிறகும் அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. 2014இல் ராஜஸ்தான் கலைஞர்களோடும் பாகிஸ்தான் கவ்வாலி பாடகர்களோடும் ‘குயின் பிட்வீன்’ செய்தார். 2018இல் வந்தது ‘கோஸ்ட் கமெலான்’. ஜாவாவின் சோலோ நகரத்து இசையமைப்பாளர் கொண்ட்ரோங் குனார்த்தோவின் குழுவோடு செய்தது.

கமெலான் என்பது வெண்கல வாத்தியங்களின் கூட்டம். ஒவ்வொரு கமெலானையும் அதற்கே உரிய சுருதியில் வார்த்திருப்பார்கள். ஓர் ஊரின் வாத்தியம் அடுத்த ஊரின் வாத்தியத்தோடு சேராது. நம் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களிலோ பியானோவின் கட்டைகளிலோ அவை சரியாக உட்காருவதுமில்லை. தம்பூராவைப் போலப் பாடகிக்காகச் சற்று இறக்கவும் முடியாது. வார்த்தது வார்த்ததுதான், பாடுகிறவர்தான் போய்ச் சேர வேண்டும். 2001இல் சுசீலா ராமன் செல்லோவையும் பாஸையும் தப்லாவையும் தன் சுருதிக்கு வரவழைத்தார். இந்தத் தட்டில், வெண்கலத்தின் அதிர்வு அடங்குவதற்குள் அதன் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே குரல் நுழைந்து, தனக்குப் பழகிய இடத்திலிருந்து மயிரிழை விலகி நின்றுகொள்கிறது. கமகம் கற்ற தொண்டைக்கு அப்படி விலகி நிற்பது எளிதல்ல என்பது கொஞ்சமாவது பாட்டுக் கற்றவர்களுக்குத் தெரியும்.