செவிவழி வரும் மெட்டு

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில் ஜூலையில் ஒரு வாரம் நடக்கிறது 1973இல் தொடங்கிய வில்லி கிளான்சி கோடைப்பள்ளி. மரபிசையை அங்கே பெரும்பாலும் காதால்தான் கற்கிறார்கள். ஆசிரியர் 'ஜிக்' என்ற ஆட்ட மெட்டு ஒன்றின் முதல் துண்டை மெதுவாக வாசிக்கிறார். சுற்றி உட்கார்ந்தவர்களின் தகர விசில்கள் தயங்கித் தயங்கி அதைத் திருப்பிச் சொல்கின்றன. மூச்சின் சரசரப்பும் பிசிறும் மெல்ல அடங்கி, அறை முழுக்க ஒரே குரலான பிறகுதான் அடுத்த துண்டு.

சுரங்களைத் தாளில் கொடுத்தால் வேகமாகக் கற்கலாமே என்று கேட்கலாம். மறக்காமல் இருக்கத் தாள் நல்ல துணைதான். ஆனால் இந்த இசையின் உயிர் சுரங்களுக்கு இடையில் இருக்கிறது. 'ரோல்' என்ற அலங்காரத்தில், நீளும் சுரத்தின் நடுவே மேல்விரல் ஒன்று இமைப்பொழுது எழுந்து அமர்கிறது. கீழ்விரல் ஒன்று துளையைத் தட்டி மீள்கிறது. ஒரு சுரம் மூன்றாகத் துள்ளுகிறது. அந்தத் துள்ளலின் எடையை எந்தக் குறியீடும் முழுதாகப் பிடித்துத் தராது. பக்கவாத்தியம் இல்லாமல் ஐரிஷ் மொழியில் பாடும் 'ஷான் நோஸ்' பாட்டிலும் அப்படித்தான்: எந்தச் சொல்லில் குரல் நெளிய வேண்டும் என்பதைப் பாடுபவரின் அருகே இருந்துதான் உணர முடியும். இப்படிக் கற்றால் எல்லாரும் ஆசிரியரின் நகலாகிவிடுவார்களோ என்ற அச்சமும் வேண்டாம். மெட்டு பொதுச்சொத்து; நெளிவு அவரவருடையது. ஒரு வாரத்தில் யாரும் வித்துவான் ஆவதில்லை. ஆனால் பொறுமையாகக் கேட்கப் பழகிய காது வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்டே இருக்கும்.